அமுக்குவான் வந்தால் அசையாமல் கிடங்கள்

ரப்பர் பால் வெட்டும் வீடுகளில் மழைநாள் அதிகாலைக்கு ஒரு விசேஷம் உண்டு. மூன்று மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பழகிய உடம்பு அலாரம் இல்லாமலே விழித்துக்கொள்ளும். வெளியே மழை கொட்டும். பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு கிடையாது. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஓட்டிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்துவிட்டு, சரி என்று திரும்பப் போய்ப் படுப்பார்கள். அந்த இரண்டாவது உறக்கத்தில்தான் அமுக்குவான் வருவான்.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீடு. பதினேழு வயதில், அப்பாவோடு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜூன் மாதம் எனக்கு அது முதல்முறை வந்தது. கண் திறந்திருக்கிறது. விட்டம் தெரிகிறது, கொடியில் கிடக்கும் துண்டு தெரிகிறது. கை அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். வாசல் பக்கம் ஒரு ஆள் நிற்கிறான். கத்துகிறேன், குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

விடிந்ததும் பாட்டியிடம் சொன்னேன். "மலந்து கெடந்தியா மக்களே? சரிஞ்சு கெட. அமுக்குவானாக்கும்" என்று சொல்லி, அன்று ராத்திரி என் தலையணைக்குக் கீழே வெட்டுகத்தியைச் சொருகி வைத்தாள். அடுத்த வீட்டில் இதே காரியத்துக்கு ஜெபமாலை வைப்பார்கள். கத்தியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மல்லாந்து படுக்காதே என்று பாட்டி சொன்னதை இன்றைய உறக்க ஆய்வும் சொல்கிறது. மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது.

அந்த ஆளைப் பார்த்துப் பல வருஷம் பயந்தேன். பிறகு, அவன் நிற்பது ஒரு வாசல் என்றும், அந்த வாசல் வழியாக, கனவென்று தெரிந்தே காணும் கனவுக்குள் போகலாம் என்றும் கற்றுக்கொண்டேன். புதிதாக முயல்பவர்களுக்கு அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நடப்பது என்ன

உறக்கம் ஒரே சீராகப் போவதில்லை. சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்கள் இமைக்குள் வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். இதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெய்ட்மனும் பதிவு செய்தார்கள். ரெம் உறக்கம் என்பது இதுதான், கனவு உறக்கம் என்றும் சொல்லலாம். கதை கதையாக வரும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருபவை. ராத்திரி ஏற ஏற இது நீளும். விடியற்காலையில்தான் மிக நீளம்.

கனவில் ஓடினால் கட்டிலில் கால் ஓடக் கூடாது இல்லையா? அதற்காக மூளைத்தண்டு அந்த நேரத்தில் உடம்பின் தசைகளைக் கட்டிப் போட்டுவிடுகிறது. கண்ணை உருட்டும் தசைகளும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் விலக்கு. கட்டு அவிழும் முன்பே மனம் விழித்துவிட்டால் அதுதான் அமுக்குவான். மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்கிறார்கள். தமிழில் உறக்க முடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் இருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் கட்டுண்டுதான் கிடக்கின்றன. உதரவிதானம் தன் பாட்டுக்கு மூச்சை நடத்திக்கொண்டிருக்கும். நீங்கள் பயந்துபோய் நெஞ்சை விரித்து இழுக்கப் பார்ப்பீர்கள், நெஞ்சு விரியாது. உடனே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மூளை முடிவு கட்டிவிடும். கனவு உறக்கத்தில் அச்சத்தைக் கையாளும் மூளைப்பகுதி மும்முரமாக வேலை செய்வதால், அறைக்குள் யாரோ இருப்பது போன்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். அந்த ஆளுக்கு முகம் கொடுப்பது அவரவர் ஊர். முப்பந்தல் இசக்கி கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தலைவிரித்த பெண் தெரியும். கடற்கரைப் பிள்ளைக்கு வேறு ஏதாவது.

2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேருக்கு வாழ்வில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் 28 பேருக்கு. உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் வயது அல்லவா. சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிஷம் வரை நீடிக்கும், தானாகவே விடும். அந்த நேரத்தில் மூச்சு நிற்பதில்லை.

இனி தெளிகனவு. கனவுக்குள் இருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடுவதுதான் லூசிட் ட்ரீம். திருவட்டாறு கோயிலில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். அவர் அங்கே கிடப்பதை உறக்கம் என்று சொல்ல மாட்டார்கள், அறிதுயில் என்பார்கள். அறிந்துகொண்டே துயில்வது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் அது பெருமாளுக்கே இருக்கட்டும், நாம் தெளிகனவு என்போம்.

இது வெறும் கற்பனை என்றுதான் ரொம்ப நாள் பல விஞ்ஞானிகள் நினைத்தார்கள். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் ஒரு சோதனை செய்தார். உடம்பு கட்டுண்டாலும் கண் கட்டுண்பதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் தெளிந்ததும், முன்பே பேசி வைத்தபடி கண்ணை இடதும் வலதுமாக ஆட்டிச் சமிக்ஞை கொடுத்தார். கருவி அதைப் பதிந்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் இதைத் தனியாகவே நிறுவினார். 2021-இல் நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் ஒரு படி மேலே போய், கனவில் இருப்பவரிடம் கணக்கே கேட்டன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு, உறங்கிக்கொண்டே கண்ணை இரண்டு முறை ஆட்டிப் பதில் சொன்னார் ஒருவர்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தெளிகனவுக்கு வேண்டியது கனவு உறக்கத்தில் இருக்கும் உடம்பும் விழித்திருக்கும் மனமும். அமுக்குவான் வந்த நேரத்தில் இரண்டுமே உங்களிடம் இருக்கின்றன. மற்றவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்து வந்து சேரும் இடத்துக்கு, நீங்கள் பயந்துகொண்டே வந்து நிற்கிறீர்கள்.

யார் இறங்க வேண்டாம்

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நிஜத்துக்கும் நினைப்புக்கும் நடுவே குழப்பம் வந்த அனுபவம் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். பகலில் அடக்க முடியாத உறக்கம், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் தளர்ந்துபோவது, உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு முட்டி எழுவது, வாரத்தில் பல நாள் அமுக்குவான் வருவது என்றிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பயம் மனதை அரித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசலாம்.

பகல் வேலை

ஒரு நோட்டைத் தலைமாட்டில் வைத்து, எழுந்ததும் கனவை எழுதுங்கள். போனைத் தொடும் முன்பு. "ஏதோ தண்ணீர், ஏதோ பஸ்" என்று இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது என்றால் அதை எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பக்கம் நிறையும்.

அடுத்தது, இது கனவா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடி, மூச்சை இழுத்துப் பாருங்கள். கனவில் மூச்சு தாராளமாகப் போகும். எனக்குப் பிடித்த இன்னொன்று பஸ் டிக்கெட். எண்ணைப் படியுங்கள், கண்ணை எடுங்கள், திரும்பப் படியுங்கள். கனவில் எழுத்தும் எண்ணும் அநேகமாக மாறிவிடும். பார்வதிபுரத்துக்கு எடுத்த டிக்கெட் அடுத்த பார்வையில் ரேஷன் கார்டாகியிருக்கும். கரண்டு போகும்போது, மழை தொடங்கும்போது என்று நாளுக்கு ஏழெட்டு முறை, கனவாக இருக்கலாம் என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுச் செய்யுங்கள். சடங்காகச் செய்தால் கனவிலும் சடங்காகவே செய்து, நிஜம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள்.

நேரம்

மழைநாள் பால்வெட்டுக்காரர் செய்வதைத்தான் லபெர்ஜின் வழியில் நடப்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஐந்து மணி நேரம் உறங்கி, எழுந்து, இருபது முப்பது நிமிஷம் விழித்திருந்து, திரும்பப் படுப்பது. பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி. உடம்புக்கு அப்போது கனவு உறக்கத்தின் பசி அதிகம், மனமோ கொஞ்சம் தெளிந்திருக்கும். இரண்டும் உரசும் இடம் அது.

அந்த அரைமணியில் பெரிய வெளிச்சம் வேண்டாம், போன் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று மணிக்குக் கட்டன் சாயா போடுவது வழக்கம், அதுவும் வேண்டாம். கனவு நோட்டைப் புரட்டுங்கள். திரும்பப் படுக்கும்போது, "அடுத்து கனவு வரும்போது இது கனவென்று எனக்கு ஞாபகம் வரும்" என்று பொருள் உணர்ந்து சொல்லிக்கொண்டே உறங்குங்கள். முடக்கத்தின் வழியாகப் போக விரும்பினால் மட்டும் மல்லாந்து படுங்கள். பாட்டி சொன்னதற்கு நேர்மாறாக.

வாரத்துக்கு ஒரு நாள், மறுநாள் வேலையில்லாத நாளாகப் பார்த்து. நான் உற்சாகத்தில் ஒரு மாதம் முழுக்க ராத்திரிதோறும் அலாரம் வைத்தேன். தெளிகனவு இரண்டுதான் வந்தது. அமுக்குவான் பதினொரு முறை. தக்கலையில் இறங்க வேண்டியவன் பஸ்ஸில் உறங்கி நாகர்கோவிலில் போய் இறங்கினேன். வண்டி ஓட்டுபவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உறக்கக் குறைவு முடக்கத்தைக் கூட்டும், மனத்தெளிவைக் குறைக்கும். வாசல் மட்டும் திறக்கும், உள்ளே போகத் தெம்பிருக்காது.

வந்துவிட்டால்

முதலில் வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும். கதவு எங்கே என்று தெரிந்தவனுக்குத்தான் உள்ளே நிற்கத் தைரியம் வரும். முழு உடம்பையும் எழுப்பப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு கால் விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். இல்லையென்றால் நாக்கை அண்ணத்தில் அழுத்துங்கள், முகத்தைச் சுளியுங்கள். சின்னத் தசை ஒன்று அவிழ்ந்தால் மற்றவையும் அவிழும். முதல் இரண்டு மூன்று முறை இதை மட்டும் பழகுங்கள்.

அடுத்த முறை வெளியேற வேண்டாம், அசையாமல் கிடங்கள். கண் திறந்திருந்தால் மெல்ல மூடிவிடுங்கள். அந்த ஆள் நிற்கும் பக்கம் பார்க்காதீர்கள். முறைத்துப் பார்க்கப் பார்க்க மூளை அவனுக்குக் கை கால் வரைந்துகொண்டே போகும். மனதுக்குள், "இது அதுதான். உடம்பு உறங்குகிறது, நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மூச்சை இழுக்க முயல வேண்டாம், விடுவதை மட்டும் கவனியுங்கள். வயிறு தானாக ஏறி இறங்குவது தெரியும். நெஞ்சுக்கு நீங்கள் கட்டளை போடுவதை நிறுத்திய சில நொடிகளில் பாரம் பாதியாகும். பிரார்த்தனை வழக்கம் உள்ளவர்கள் ஒரு வரியை மெதுவாக மனதில் சொல்லலாம். மனம் நிற்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

என் பயம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு முறை கண்ணை மூடாமல், நெஞ்சில் இருந்தவனிடம் மனதுக்குள்ளேயே "என்ன வேணும்?" என்று கேட்டேன். "மணி மூணாச்சு, எழும்புல" என்றது அப்பாவின் குரல். அப்பா அப்போது அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது, சிரித்ததில் முழித்துவிட்டேன். கனவு போனது போகட்டும், அன்றைக்கு அப்புறம் வாசலில் நிற்பவனை நான் பெரிதாக மதிக்கவில்லை.

உள்ளே இறங்குதல்

பயம் தணிந்ததும் வேறு சில வரும். காதில் ஒரு இரைச்சல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்கு அடியில் நிற்கிற மாதிரி. உடம்பெல்லாம் மின்சாரம் போல ஒரு நடுக்கம். கட்டில் சாய்வது, மிதப்பது, சுழல்வது. இவை நல்ல சகுனம், கனவு பக்கத்தில் வந்துவிட்டது. எதையும் செய்யாமல் இரைச்சல் கூடட்டும் என்று விடுங்கள்.

பிறகு, நிஜ உடம்பைத் தொடாமல், நினைப்பால் மட்டும் நகருங்கள். இதுதான் எல்லோரும் தவறும் இடம். தசையை முறுக்கினால் முழிப்பு வந்துவிடும். கட்டிலின் ஓரத்துக்கு உருண்டு விழுவதாக நினையுங்கள். அல்லது மெத்தைக்குள் மெல்ல அமிழ்வதாக. தலைக்கு மேல் தொங்கும் கிணற்றுக் கயிற்றைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்து ஏறுவதாக நினைப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும்.

எனக்குக் கைகொடுத்தது, கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒற்றையடி மாதிரி நீளும் அந்த நடைபாதையில் சின்ன வயதிலிருந்தே நூறு தடவை நடந்திருக்கிறேன். அதனால் எந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் சொரசொரப்பு, எங்கே பக்கத்துத் தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் கூடும், எங்கே காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும் என்று கைக்கும் காலுக்கும் தெரியும். கண்ணால் பார்க்க முயலாமல், கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கத் தொடங்குவேன். இருட்டாகத்தான் இருக்கும். பத்திருபது அடி நடந்தபின், சுவரின் சூடு உண்மையாகவே உள்ளங்கையில் ஏறும். அப்புறம் கீழே தென்னந்தோப்பு பச்சையாக விரியும். அந்த நொடியில் கட்டிலும் இல்லை, முடக்கமும் இல்லை. நீங்கள் உங்களுக்கு மிகப் பழகிய ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நடந்த வழி, குளத்துக்கு இறங்கும் படி, வள்ளம் தள்ளும் மணல். படத்தில் பார்த்த சுவிட்சர்லாந்து வேண்டாம், அதைக் கால் அறியாது.

உள்ளே போனபின்

முதலில் வருவது சந்தோஷம், சந்தோஷத்தால் வருவது முழிப்பு. உள்ளங்கைகளைத் தேயுங்கள். பக்கத்தில் இருப்பதைத் தொடுங்கள்: மண், இலை, சுவர். காட்சி மங்கினால் இன்னும் அழுத்தமாகத் தொடுங்கள். கட்டிலில் கிடக்கும் உடம்பை நினைக்காதீர்கள், நினைத்தால் அங்கேதான் போவீர்கள். அரை நிமிஷம் நிலைத்ததும் ஏதாவது சின்னதாகச் செய்யுங்கள். பறப்பதெல்லாம் அப்புறம்.

பறப்பதைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. கனவா என்று சோதிக்க உயரத்திலிருந்து குதிக்கவே கூடாது, தொட்டிப்பாலக் கனவு காணும் நானும் குதித்ததில்லை. மூக்குச் சோதனை முதலில். பறக்க வேண்டுமென்றால் தரையில் நின்று மேலே எழும்புங்கள்.

பாதி நாள் ஒன்றுமே நடக்காது. திரும்பப் படுத்து விடியும்வரை நன்றாக உறங்கி எழுவீர்கள், அதற்கென்ன. சில நாள் முடக்கம் வராமலே நேராகக் கனவில் தெளிவீர்கள். அதையும் தள்ளிவிட வேண்டாம், வழி எதுவானால் என்ன.

முழித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தெளிகனவு கலைந்து எழுந்து, பாயைச் சுருட்டி, முற்றத்துக்குப் போய்ப் பல் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டி சாணி தெளித்துக்கொண்டிருப்பாள். எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பாட்டி செத்து நாலு வருஷம் ஆனது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும். இதற்குப் பொய் விழிப்பு என்று பெயர், முடக்கத்தோடும் தெளிகனவோடும் அடிக்கடி ஒட்டி வரும். எனவே ஒவ்வொரு முறை முழித்ததும், எழுந்திருக்கும் முன்பே மூக்கைப் பிடித்துப் பாருங்கள். மூச்சு போனால் எழுந்து பாட்டியிடம் போய் உட்காருங்கள். போகவில்லையென்றால் நோட்டை எடுங்கள்.